எண்ணெய் தின்னும் நுண்ணுயிருக்குக் காற்று கொடுங்க

படப்பை, மணிமங்கலம் பக்கம் டீசல் என்ஜின் மேடையைச் சுத்தி மண்ணு கறுத்துக் கிடக்கும். "எண்ணெய் தின்னும் பாக்டீரியா பாட்டில்ல வருதாமே, வாங்கி ஊத்தலாமா சார்?" என்கிறார்கள். வேண்டாம் என்பேன். அந்த வேலையாட்கள் ஏற்கெனவே நம்ம மண்ணுலயே இருக்காங்க.

டீசலில் வளையமாக மூடிய ஹைட்ரோகார்பன்களும் உண்டு. சைக்ளோஹெக்சேனை எடுத்துக்கொள்வோம். முதல் என்சைம் ஆக்சிஜன் சேர்த்து அதை சைக்ளோஹெக்சனால் என்ற ஆல்கஹாலாக்கும். அடுத்தது ஹைட்ரஜனைக் கழற்றும். மூன்றாவது வளையத்துக்குள்ளேயே ஆக்சிஜனைச் செருகும். நாலாவது வளையத்தை உடைக்கும். கடைசியில் வரும் அடிபிக் அமிலம் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. வங்கியில் கடன் ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்த மாதிரிதான். ஒரு மேஜை காலின்னா ஃபைல் அங்கேயே தூங்கும்.

இதில் இரண்டு மேஜைக்குக் காற்று கட்டாயம். இறுகிய மண்ணில் எத்தனை பாட்டில் ஊற்றி என்ன? எண்ணெயில் கார்பன்தான் ஏராளம். தழைச்சத்தும் மணிச்சத்தும் நாமதான் தரணும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, அந்தக் கரையிலிருந்த பாக்டீரியாவுக்கு உரம்தான் போட்டார்கள். நமக்கு மட்கிய தொழுவுரம் போதும். கறுத்த மண்ணை வெட்டி, உரம் கலந்து, ஈரம் காயாம அடிக்கடி புரட்டுங்க. மாசக்கணக்காகும்.

பழைய என்ஜின் ஆயில் வேறு சங்கதி. அதிலுள்ள உலோகங்களை எந்த என்சைமும் தின்று தீர்க்காது. அதைக் கிணத்துமேட்டில் கொட்டுறதை முதல்ல நிறுத்தணும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோதும், முதலில் வாளியால் அள்ளினார்கள். அள்ளிய கசடைத்தான் பாக்டீரியாவிடம் விட்டார்கள். நம்ம என்ஜினுக்கு அடியில் வைக்க ஒரு பழைய தகரத் தட்டு கிடைக்காதா?