இருப்பு அன்று, பாக்கி

கடன் அட்டை நிறுவனங்கள் விற்கும் 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' தமிழில் 'இருப்பு மாற்றம்' என்று பெயர்க்கப்படுகிறது. பெயர்ப்பு பிழை. தமிழ்க் கணக்கேட்டில் இருப்பு என்பது கைவசம் உள்ளது: கையிருப்பு, நெல்லிருப்பு, சரக்கிருப்பு. கொடுக்க வேண்டியது நிலுவை. பேச்சு வழக்கில் பாக்கி. இருப்பை மாற்றுபவர் தம் உடைமையை இடம் மாற்றுகிறார். பாக்கியை மாற்றுபவர் கடன் கொடுத்தவரை மட்டுமே மாற்றுகிறார். கடன் அப்படியே நிற்கிறது.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, உருது என்று பல மொழிகள் புழங்கும் அத்தெருவில், அரபியிலிருந்து வந்த 'பாக்கி' எல்லா நாவுக்கும் பொதுச்சொல். கடனைக் கைமாற்றும் கலையும் அங்குப் புதிதன்று. இன்று கோயில் காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும் 'உண்டியல்' என்ற சொல், வணிகர் வழக்கில் கைமாற்றத்தக்க கடன் சீட்டையும் குறித்தது. கண்டவுடன் பணம் தர வேண்டியது தர்சனி உண்டியல். குறித்த நாளில் தர வேண்டியது முத்தத்தி உண்டியல். எத்தனை கை மாறினாலும் அது தீரும் நாள் சீட்டிலேயே உண்டு. கடன் அட்டைப் பாக்கிக்கு அப்படியொரு நாள் இல்லை. குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே ஆண்டுகளைக் கடத்தலாம். வேறுபாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பாக்கி மாற்றத்தை நிதியறிவின் உச்சமாகப் பரிந்துரைப்போர் ஒரு கணக்கைக் காட்டுவர். அதைப் போட்டுப் பார்க்கலாம். பாக்கி 1,00,000 ரூபாய். பழைய அட்டையின் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று கொள்வோம். வட்டி 3,500, அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 630, ஆக மாதம் 4,130. கூட்டு வட்டியை விட்டுவிட்டாலும் மூன்று மாதத்தில் 12,390. புதிய அட்டை மூன்று மாதங்களுக்கு 1 சதவீத வட்டியும் 2 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் கேட்டால், வரியோடு சேர்த்து 5,900. மிச்சம் 6,490 ரூபாய். இந்த மிச்சம் உண்மையானது, மறுப்பதற்கில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. நான்காம் மாதம் சலுகை தீர்கிறது. அசல் குறையாதிருந்தால் பழைய வட்டி மீண்டும் தொடங்கி, சேமித்த 6,490 இரண்டு மாத வட்டிக்கும் போதாமல் கரைகிறது. இதற்கிடையே பழைய அட்டையில் ஒரு லட்சம் ரூபாய் வரம்பு காலியாகத் திறந்து கிடக்கிறது. அதில் மறுபடி செலவு ஏறினால் ஒரு கடன் இரண்டாகிறது. புதிய அட்டையில் பொருள் வாங்கினாலோ, பாக்கி நிற்கும் வரை பொதுவாக வட்டியில்லாக் காலமும் கிடைப்பதில்லை. மிச்சத்தை மட்டும் சொல்லி இவற்றைச் சொல்லாமல் விடும் அறிவுரையை விளம்பரம் என்றுதான் அழைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் நிற்கும் ஒழுக்கவாதிகளும் பயனற்றவர்களே. 'வரவுக்குள் வாழத் தெரியாதவர்கள்' என்ற அவர்களது ஏச்சு, மாதம் 37,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட இளநிலை ஆய்வு உதவித்தொகை பல மாதங்கள் பிந்தி வரும்போது வாடகையை எதைக் கொண்டு கட்டுவது என்பதற்கு விடை சொல்வதில்லை. அட்டையை நீட்டுவது அங்கே ஆடம்பரத்தால் அன்று.

சட்டமும் பெரிய கேடயம் அன்று. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. மேற்கண்ட 3.5 சதவீதம் ஆண்டுக்கு 42 ஆகிறது. கொள்ளை வட்டிக்காரரைக் கேரளம் 'பிளேடு' என்று அழைக்கிறது. அவர்களுக்கு எதிராக 2014இல் 'ஆபரேஷன் குபேரா' நடத்தியது. அச்சிட்ட அறிக்கையோடு வரும் 42 சதவீதத்துக்கு அந்தப் பெயரை எவரும் சூட்டுவதில்லை.

விவேகமான பாக்கி மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கும் கேரளத்திலேயே சான்றுண்டு. 2018இல் பாலக்காட்டில் தொடங்கிய 'முற்றத்தெ முல்ல' திட்டம், கூட்டுறவுச் சங்கப் பணத்தைக் குடும்பஸ்ரீ வழியாக 12 சதவீத வட்டிக்குக் கொடுத்து, வட்டிக்காரர் பிடியிலிருந்து மக்களை மீட்க முனைந்தது. வசூல் வாரந்தோறும், வீட்டு வாசலிலேயே. குறைந்த வட்டி, சிறு தவணை, தீரும் கெடு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை மீட்பாக்கின.

அட்டைக்காரரும் இம்மூன்றையும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். மாற்றும் முன் கட்டணத்தையும் வரியையும் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும். சலுகைக் காலத்தால் பாக்கியை வகுத்து, அந்த மாதத் தொகையைக் கட்ட இயலுமா என்று கேட்க வேண்டும். இயலாதெனில், குறைந்த வட்டியில் நீண்ட தவணையுள்ள கூட்டுறவுக் கடனோ வங்கிக் கடனோ மேல். மாற்றிய பின் பழைய அட்டையை மூடிவிட வேண்டும். பாக்கி தீர்ந்த அட்டையை, விண்ணப்பித்த ஏழு வேலை நாட்களுக்குள் மூடாத நிறுவனம் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை விதிக்கிறது.

உதவித்தொகையைக் காலத்தில் தராத நிர்வாகமும், மாணவர் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைக்காத பல்கலைக்கழகமும், நிதியறிவுப் பயிலரங்குகள் நடத்தித் தம் பாக்கியைத் தீர்த்துவிட முடியாது. அந்தப் பாக்கியை மாணவர் தலைக்கு மாற்றுவதும் ஒருவகைப் பாக்கி மாற்றமே.