தூக்குக் கயிறும் தோணிக்காரனும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரை மன்னார் வளைகுடாவை நோக்கிக் கிடக்கிறது. கண்டக்குழி, குடாவ முதலிய கிராமங்களின் மீன்வாடிகள் நிறைந்த அக்கடலோரத்தில், கடல்வழி வரும் கஞ்சாப் பொதிகளும் பிற போதைப்பொருள்களும் பிடிபடும் செய்தி புதியதன்று. செய்தி வந்ததும் "தூக்கிலிடுக!" என்னும் கூச்சலும் எழுகிறது. இக்கூச்சல் நீதியின் குரல்தானா?

சட்டத்திற் கடுமைக்குப் பஞ்சமில்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டது. 2 கிராமும் அதற்கு மேலுமான ஹெரோயினை இறக்குமதி செய்வோருக்கு மரணம் அல்லது ஆயுட்சிறை என அத்திருத்தம் விதித்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் 'ஐஸ்' போதைப்பொருளுக்கு 5 கிராம் என எல்லை வகுத்தது. 2 கிராம் என்பது ஏறத்தாழ எட்டு மஞ்சாடி விதைகளின் எடை. அவ்வளவு கொணர்ந்தவனும் இருநூறு கிலோ கொணர்ந்தவனும் ஒரே தண்டனைக்கு உரியவர்களாகின்றனர்.

இக்கடுமை கண்ட பயன் யாது? 1976 ஜூன் 23க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வருக்கான மரண ஆணையில் ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. கடத்தலோ நின்றபாடில்லை.

"அங்ஙனமாயின் உண்மையாகவே தூக்கிலிடுவோம்" என்பர் சிலர். யாரை? படகிற் பிடிபடுபவன் கூலிக்குப் பொதி சுமந்தவன். படகுக்கும் சரக்குக்கும் பணம் இட்டவனின் காலில் கடல்நீர் படுவதேயில்லை. சட்டம் பொதியின் எடையை நிறுக்கிறது. பொதிக்குப் பின்னாலுள்ள மூலதனத்தை நிறுப்பதில்லை. குற்றத்தைத் தக்கவாறு ஆராய்ந்து, அதற்கொத்த தண்டம் அளிப்பதே அரசின் கடன் என்றார் வள்ளுவர். ஆராய்வு முந்தியது, தண்டம் பிந்தியது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

தண்டனையின் கொடுமையன்று, அதிலிருந்து தப்ப முடியாமையே குற்றத்தைத் தடுக்கும் என 1764இலேயே இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா எழுதினார். பணத்தின் தடத்தைப் பின்தொடர 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் நம்மிடம் உண்டு. அதன் கை நீளட்டும். கடத்தலில் அவரவர் வகித்த பங்கை அளந்து தண்டிக்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கிடைக்கட்டும். தோணிக்காரனின் கழுத்தை மட்டுமே தேடும் கயிறு, முதலாளிக்குக் காவற்கயிறாகவே அமையும்.