சபாநாயகர் ஒப்பமிட்டால் சட்டம் புனிதமாகிவிடுமா?

அரசியலமைப்பு என்றவுடன் தமிழர் தரப்பில் எழும் முதற்கேள்வி, ஒற்றையாட்சியா சமஷ்டியா என்பதே. அந்தக் கேள்வி முக்கியமற்றது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், நமது தலைவர்களும் சட்டத்தரணிகளும் பத்தி எழுத்தாளர்களும் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேளையில், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒரு சின்னஞ்சிறு பந்தி மாகாண சபைத் தேர்தல்களை ஆண்டுக்கணக்கில் முடக்கிப்போட உதவியது. 80ஆவது உறுப்புரையின் மூன்றாம் பந்தி அது. நம்மில் எத்தனை பேர் அதை வாசித்திருக்கிறோம்?

அது சொல்வது இதுதான்: ஒரு சட்டமூலத்தில் சபாநாயகரின் சான்றுரை எழுதப்பட்டு அது சட்டமானதும், அதன் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலமாக இருக்கும்போது, ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பின்னர் குறுகிய சில நாட்களுக்குள், பிரஜை ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்தச் சாளரம் மூடப்பட்டால் மூடப்பட்டதுதான். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீதிமன்றம் பார்ப்பது வர்த்தமானியில் வந்த பிரதியை. சபையில் குழுநிலையின்போது உள்ளே செருகப்படும் திருத்தங்களை எவரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வாய்ப்பில்லை. சான்றுரைக்குப் பின்னரோ அவை சட்டம்.

2017 செப்டெம்பரில் நடந்ததைப் பார்ப்போம். சகல மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்துவதாகக் கூறி, காலம் முடியும் சபைகளின் தேர்தலைத் தள்ளிப்போட வழிவகுத்த 20ஆவது திருத்தச் சட்டமூலத்துக்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வாசல் அடைபட்டதும் ஆட்சியாளர்கள் கொல்லைப்புறத்தைத் தேடினார்கள். பெண்களின் பிரதிநிதித்துவத்தை உயர்த்துவதற்கென ஒரு சிறிய சட்டமூலம் ஏற்கெனவே சபையில் இருந்தது. செப்டெம்பர் 20ஆம் திகதி, குழுநிலையில், அதற்குள் ஒரு புதிய தேர்தல் முறையே திணிக்கப்பட்டது. பெண்களுக்கான சட்டமாகப் புறப்பட்டது, தொகுதியும் விகிதாசாரமும் கலந்த தேர்தல் முறைச் சட்டமாகக் கரையேறிற்று. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரும் ஆதரவாகவே வாக்களித்தனர். அந்தப் புதிய முறையை எந்த நீதியரசரும் முன்கூட்டியே பரிசீலித்ததில்லை. பின்னர் பரிசீலிக்கவும் முடியாது.

விந்தை என்னவென்றால், மறுநாள், செப்டெம்பர் 21ஆம் திகதி, அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தல் குழு தனது இடைக்கால அறிக்கையைச் சமர்ப்பித்தது. 'ஏக்கிய இராச்சிய' என்ற சிங்களச் சொல்லுக்கு 'ஒருமித்த நாடு' என்பது சரியான தமிழா என்று நமது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின. எதிர்காலத்தில் கிடைக்கலாம் என்று சொல்லப்பட்ட அதிகாரத்தின் பெயரை ஆராய்ந்தோம். கையிலிருந்த சபைக்கு முதல்நாள் பூட்டுப் போடப்பட்டதைப் பற்றி எழுந்த குரல்கள் சொற்பம்.

புதிய முறைக்குத் தொகுதி எல்லை நிர்ணயம் அவசியம். அதற்கான அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சபையில் முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும் வடக்கின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. 2019 ஒக்டோபரில் ஊவா மாகாண சபையும் முடிவுற, ஒன்பது மாகாணங்களும் ஆளுநர்களின் கைக்குச் சென்றன. பழைய முறையில் தேர்தலை நடத்த இயலுமா என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2019இல் உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கோரினார். இயலாது என்பதே பதில். சட்டம் சட்டமாக இருக்கையில் நீதிமன்றம் வேறென்ன சொல்லும்?

இதனோடு உள்ளூராட்சித் தேர்தலை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023இல் பணமில்லை என்று காரணம் காட்டி அத்தேர்தலை நிறுத்தினார்கள். அது நிறைவேற்றுத் துறையின் செயல் என்பதால் அடிப்படை உரிமை மனு சாத்தியமாயிற்று. 2024 ஓகஸ்டில், மக்களின் உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. ஆக, ஜனாதிபதி தேர்தலைத் தடுத்தால் பரிகாரம் உண்டு. நாடாளுமன்றம் தடுத்தால் பரிகாரம் இல்லை. மாகாண சபைகளுக்கு மட்டுமே நேர்ந்த விபத்தும் அல்ல இது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கு இணங்கத் திருத்தப்படாமலே நிறைவேற்றப்பட்டது என்று முறையிடப்பட்டபோதும், சான்றுரை என்ற அதே சுவரில்தான் மனு முட்டி நின்றது. 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தினால் வாழ்வைத் தொலைத்த நமது இளைஞர்களுக்கும் அந்தச் சுவர்தான் குறுக்கே நின்றது.

இந்தச் சுவர் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்டபோது நீதிமன்றம் சென்றார். சிங்களம் மட்டும் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்தவர் ஒரு தமிழரல்லர். அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிற்று. இலண்டன் கோமறைக் கழகம் 1969இல், வழக்குத் தொடரலாம், மொழிச் சட்டத்தின் செல்லுபடியை விசாரியுங்கள் என்று வழக்கைத் திருப்பியனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையும், சட்டங்களைச் செல்லாதென அறிவிக்கும் நீதிமன்ற அதிகாரத்தையும் சேர்த்தே விழுங்கிற்று. 80(3) அந்த வயிற்றில் பிறந்த பிள்ளை.

கொழும்பு நீதிமன்றங்களை நம்பி என்ன பயன் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்தது அதே உயர் நீதிமன்றம்தானே என்பார்கள். உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு 80(3) தடையாக இருக்கவில்லை. ஏனெனில் அங்கே இரத்தானது அவசரகால ஒழுங்குவிதியின் துணையோடு ஜனாதிபதி செய்த இணைப்பு. அதாவது, நமக்குப் பாதகமான தீர்ப்புக்கான வழி ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது. நமக்கு எதிரான சட்டத்தை எதிர்க்கும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. தோற்கக்கூடும் என்பதற்காக வழக்கிடும் உரிமையே வேண்டாம் என்பது என்ன அரசியல்?

சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும், தென்னிலங்கை கொந்தளிக்கும் என்ற சாட்டும் இங்கே எடுபடாது. சர்வஜன வாக்கெடுப்பின்றித் திருத்த முடியாத உறுப்புரைகளை 83ஆவது உறுப்புரை பட்டியலிடுகிறது. அதில் 80 இல்லை. மூன்றிலிரண்டு பெரும்பான்மைக்கு 150 வாக்குகள் போதும். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு மக்கள் 159 ஆசனங்களை வழங்கினார்கள். தமிழ்க் கட்சிகள் அரசாங்கத்தோடு பேச அமரும்போது, இந்த ஒரு பந்தியை நீக்குமாறும், குழுநிலைத் திருத்தங்களை வாக்கெடுப்புக்கு முன்னர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்க்குமாறும் எழுத்தில் கேட்கட்டும். சமஷ்டிக் கோரிக்கையை அதற்காக ஒரு நாளேனும் ஒத்திவைக்கத் தேவையில்லை.