நீதிமன்றம் விசா தருவதில்லை: அவுஸ்திரேலியாவில் நிராகரிக்கப்பட்டோரின் வழக்குகள்

புதுக்குடியிருப்பிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் செய்தி சேகரிக்கப் போகும்போது, அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிய பிள்ளைகளின் பெற்றோரைச் சந்திக்கிறேன். பாதுகாப்பு விசா நிராகரிக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். “கோட்டில நீதவான் எங்கட கதையைக் கேட்பார்தானே, தம்பி?” என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. கேட்க மாட்டார் என்பதே பெரும்பாலும் உண்மையான பதில். இதை முன்கூட்டியே விளங்கிக்கொள்ளாத குடும்பங்கள்தான் பணத்தையும் காலத்தையும் அதிகம் இழக்கின்றன.

நீதிமன்ற மீளாய்வு என்பது மேன்முறையீடு அல்ல. நமது நாட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் எழுத்தாணை மனுவைப் போன்றது அது. உங்களுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை அங்குள்ள நீதிபதி தீர்மானிப்பதில்லை. முடிவெடுத்தவர் சட்டப்படி நடந்தாரா, முன்வைத்த கோரிக்கைகள் எல்லாவற்றையும் கவனித்தாரா, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பளித்தாரா என்பதையே பார்க்கிறார். வென்றாலும் விசா கிடைக்காது. பழைய முடிவு இரத்தாகி, விண்ணப்பம் மீண்டும் பரிசீலனைக்குப் போகும். அவ்வளவுதான்.

அதற்காக இந்த வழியை அற்பமென்று தள்ளிவிடவும் முடியாது. கிறிஸ்மஸ் தீவில் வந்திறங்கிய இலங்கைத் தமிழர் இருவரின் வழக்கில், 2010 நவம்பர் 11 அன்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அவர்களுக்குப் பாதகமான நாட்டு நிலைமைத் தகவல்களை அவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்காமல் முடிவெடுத்தது நியாயமற்றது என்றது. படகில் வந்தவர்களுக்கு நீதிமன்றக் கதவு திறந்தது இவ்வழக்கால்தான். 2015 நவம்பரில் இன்னொரு தமிழரும் வென்றார். அவரை நேரில் விசாரித்த அதிகாரி ஒருவர்; அவருக்குத் தெரிவிக்காமலே முடிவெழுதியவர் வேறொருவர்.

மறுபக்கமும் உண்டு. சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறியதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டால் நெரிசல் மிகுந்த சிறையில் அடைக்கப்படுவோம் என இலங்கையர் இருவர் வாதிட்டனர். துன்பம் விளைவிக்கும் உண்மையான நோக்கம் அதிகாரிகளுக்கு இருக்க வேண்டும், துன்பம் நேரும் என்று தெரிந்திருப்பது மட்டும் போதாது என்று கூறி 2017 செப்டெம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் அதை நிராகரித்தனர். சிறைச்சாலையின் நிலைமையை அந்தத் தீர்ப்பு மறுக்கவில்லை. சட்டத்திலுள்ள ஒரு சொல்லுக்குத்தான் பொருள் சொன்னது. அந்தப் பொருளே வழக்கை முடித்துவிட்டது.

மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் 2012 ஓகஸ்ட் 13 முதல் 2013 முடியும் வரை படகில் வந்தவர்கள். 2014 டிசெம்பரில் நிறைவேறிய ‘விரைவுப் பாதை’ச் சட்டத்தின் கீழ், இவர்களது நிராகரிப்புகளைக் குடிவரவு மதிப்பீட்டு அதிகாரசபை மீளாய்வு செய்தது. பொதுவாக நேர்முக விசாரணை கிடையாது. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலன்றிப் புதிய ஆதாரங்களையும் ஏற்காது.

இது வன்னி மக்களுக்கு எப்படிப் பொருந்தும்? இரணைப்பாலையிலிருந்து மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் ஓடியவர்கள் கையில் பிள்ளைகளைக் கொண்டுபோனார்களே தவிரக் கோப்புகளை அல்ல. தடுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட கடிதம், செஞ்சிலுவைச் சங்கப் பதிவு போன்றவற்றைத் தேடிப் பெற ஆண்டுகள் பிடித்தன. சித்திரவதையைப் பற்றி முதல் விசாரணையிலேயே வாய் திறக்க எல்லோராலும் முடியவில்லை. பிறகு சொன்னபோது ‘முன்னர் ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வியே நிராகரிப்பின் காரணமானது. ஒருவரின் கதையை நம்பவில்லை என்ற முடிவில் நீதிமன்றம் இலகுவில் கைவைப்பதில்லை.

அந்த அதிகாரசபை 2024 ஒக்டோபர் 14 அன்று ஒழிக்கப்பட்டது. நீதிமன்றத்தில் வெல்பவர்களின் விண்ணப்பங்கள் இப்போது புதிய நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குச் செல்கின்றன. தற்காலிக விசா வைத்திருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறக்கப்பட்டது. ஆனால் விரைவுப் பாதையில் நிராகரிக்கப்பட்டவர்கள் அதில் அடங்கவில்லை. நடைமுறை நியாயமற்றது என்பதால் அதனை ஒழித்த அரசு, அதே நடைமுறையில் எடுக்கப்பட்ட முடிவுகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. அமைச்சர் தனிப்பட்ட முறையில் தலையிட்டாலொழிய அவர்களால் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. என் பார்வையில் இது சட்டத்தின் சிக்கல் அல்ல; அரசியல் துணிவின்மை.

எனவே ஊரிலுள்ள உறவுகள் கவனிக்க வேண்டியவை இவை. நிராகரிப்பு முடிவின் திகதியிலிருந்து 35 நாட்களுக்குள் நீதிமன்ற விண்ணப்பம் செய்ய வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட நேரலாம். “உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை” என்பது மட்டும் வாதமாகாது. முடிவில் சட்டப் பிழை எங்கே என்று காட்டும் சட்டத்தரணி தேவை. இப்போதுதான் புகலிடம் கோருபவர்கள் என்றால், வீட்டில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு துண்டுக் கடிதத்தையும் முதல் விசாரணைக்கு முன்பே அனுப்பிவையுங்கள். பிந்திப்போன ஆதாரத்தை எந்த நீதிபதியாலும் முந்திய திகதிக்குக் கொண்டுபோக முடியாது.