பெற்றவளின் ஏடும் பத்திரமாக இருக்கட்டும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை கல்லெழுத்தாக நிற்கிறது. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வாக முடியாது என்கிறது அது. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கை மதித்த மண், பெற்ற குழந்தையைத் தத்துக்கு ஒப்படைக்கும் தாயின் கணக்கையும் மதிக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் விசாரணையும் ஆலோசனையும் முடிந்த பிறகே ஒப்படைப்புப் பத்திரம் கையெழுத்தாக வேண்டும். மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற 2 மாத அவகாசமும் உண்டு. பால் கட்டிய மார்போடு மை தடவிய பெருவிரலை வைக்கும் பெண்ணுக்கு அந்த அவகாசம் முடியும் தேதியை யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டாமா? தமிழில் ஒரு நகலாவது அவள் கையில் இருக்க வேண்டாமா?

ஏடு பொய்யானால் என்ன ஆகும் என்பதை, கடத்தப்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாக 2005இல் சென்னையில் வெடித்த வழக்கு காட்டியது.

2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிறைந்தவர் தம் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம். அன்று திறக்கும் கோப்பு வெற்றுத்தாளாக இருக்கக் கூடாது. குடும்ப நோய் விவரமும், தாய் சொல்ல விரும்பிய சொற்களும் அதில் இருக்க வேண்டும். அவள் பெயரின் ரகசியமும் காக்கப்பட வேண்டும். தத்து நிறுவனம் மூடப்பட்டாலும் கோப்பு தொலையாதிருப்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உறுதிசெய்ய வேண்டும். ஒப்படைத்த பிறகும் அந்தத் தாயின் உடல்நலமும் மனநலமும் விசாரிக்கப்பட வேண்டும்.

குழந்தையைக் கொடுத்தவள் குற்றவாளி அல்ல. அவளும் நம் வீட்டுப் பெண்தான்.