வரிசையில் நிக்க மறுத்த நிலக்கரி முதலாளிகள்

ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் உங்க வீட்டுக் குட்டிகளுக்குத் தெரிஞ்சிருக்கும். படத்துல ஓடின அந்தச் சிவப்பு எஞ்சினோட நிஜப் பேர் 'ஓல்டன் ஹால்'. 1964லிருந்து 1981 வரை அது வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்கில் துருப்பிடிச்சுக் கிடந்தது. பிள்ளைகளுக்கு இங்கிருந்து ஆரம்பிச்சுச் சொல்லுங்க. எனக்குப் பிடிச்சது அதுக்கு முந்தின கதை.

1880களின் தொடக்கத்தில், ரோண்டா பள்ளத்தாக்கு நிலக்கரி பெரும்பாலும் டாஃப் வேல் ரயில்வேயில் ஏறி, கார்டிஃபில் பியூட் பிரபுவின் துறைமுகத்துக்குத்தான் போகணும். தோண்டத் தோண்ட நிலக்கரி கூடுச்சு, துறைமுகத்தில் இடம் கூடலை. சரக்கு வண்டிகள் தண்டவாளத்தில் நிக்கும், கப்பல்கள் கடலில் நிக்கும். கட்டணமோ அவங்க வெச்சதுதான். எங்க தொழில் பாஷையில் சொன்னா, ஊருக்கே ஒரே சர்வர்!

சுரங்க முதலாளிகள் கை கோத்தாங்க. முன்னால நின்றவர் டேவிட் டேவிஸ். மரம் அறுக்கும் வேலையில் தொடங்கி, ரயில் பாதை ஒப்பந்தக்காரராகி, கடைசியில் சுரங்கம் வாங்கினவர். நாமளே துறைமுகம் கட்டுவோம், அதுவரைக்கும் ரயிலும் நாமளே போடுவோம் என்றார்கள். பழைய கம்பெனிகள் சும்மா விடுமா? 1883இல் நாடாளுமன்றத்தில் மசோதா தோற்றது. 1884இல் மறுபடி கொண்டுபோய் ஜெயிச்சாங்க. பாரித் தீவுக்கும் கரைக்கும் நடுவே துறைமுகத்தைக் கட்டி, 1889 ஜூலை 18இல் திறந்தாங்க. மறு வருஷமே டேவிஸ் இறந்துட்டார்.

(பாரி என்றதும் முல்லைக்குத் தேர் கொடுத்த நம்ம வள்ளல் நினைவுக்கு வந்தா நல்லது, பிள்ளைகள் பேரை மறக்க மாட்டாங்க.)

சில நூறு பேர் இருந்த இடத்தில், 1911இல் 30,000 பேருக்கு மேல். 1913இல் 1.1 கோடி டன் நிலக்கரி ஏற்றுமதி. அந்த வருஷம் உலகத்துலேயே பாரிதான் முதல். ஆனா எல்லாமே நிலக்கரியை நம்பித்தான். முதல் உலகப் போருக்கு அப்புறம் கப்பல்கள் எண்ணெய்க்கு மாற, துறைமுகம் மெல்ல ஓய்ந்தது. 1922இல் கம்பெனியும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்குள்ள கரைஞ்சது.

பிரிட்டிஷ் ரயில்வே நீராவி எஞ்சின்களைக் கழிச்சுக் கட்டினப்போ, 297 எஞ்சின்கள் இங்கே உடைக்க வந்தன. சரக்குப் பெட்டிகளை உடைக்கிறது சுலபம்னு அதை முதல்ல எடுத்ததால, எஞ்சின்கள் வருஷக்கணக்கா தப்பிச்சு நின்னுச்சு. 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் மீட்டாங்க. அடுத்த லீவுக்குப் பிரிட்டன் பக்கம் நீராவி ரயில் ஏறினா, "இது பாரியிலிருந்து வந்ததா?"ன்னு டிரைவரைக் கேக்கச் சொல்லுங்க.