வாளும் சமாதானமும்

வேதத்தில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று முரண்பாட்டுப் பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறவர்கள் ஒரு பக்கம். முரணே கிடையாது, விசுவாசித்தால் போதும் என்கிற பிரசங்கிகள் மறுபக்கம். இரு தரப்பும் புத்தகத்தைத் திறந்து வாசிக்கவில்லை என்பதே என் வழக்கு.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். அரசாணை கைக்கு வந்தால் முதலில் பொருள், பார்வை, தேதி, யாருக்கு என்று பார்ப்போம். நடுவில் ஒரு வரியை உருவிக்கொண்டு வாதாடினால் கோப்பு அப்படியே திரும்பி வரும்.

மத்தேயு 10இல் இயேசு, தாம் கொண்டுவந்தது வாள் என்கிறார். யோவான் 14இல் தம் சமாதானத்தைச் சீடருக்கு விட்டுச் செல்கிறார். முரண்தானே? அதே பேச்சை லூக்கா 12இல் பாருங்கள். வாள் என்ற சொல்லே இல்லை, பிளவு என்று இருக்கிறது. மத்தேயுவில் அடுத்து வரும் மாமியார், மருமகள் பகை மீக்கா 7இலிருந்து எடுத்தது. ஆக, சீடன் கையில் கொடுத்த வாள் அல்ல, அவன் குடும்பத்தில் விழப்போகும் வெட்டு. நிஜ வாளை ஒருவர் உருவியபோது உறையில் போடச் சொன்னதையும் அதே மத்தேயுதான் 26இல் எழுதுகிறார்.

எசாயா 2இல் வாள் கலப்பைக் கொழுவாகிறது, யோவேல் 3இல் கொழு வாளாகிறது. பட்டியல்காரர்களுக்குப் பிடித்த ஜோடி இது. யோவேல் நாடுகளைத் தீர்ப்புக்கு அழைக்கிறார். எசாயா தீர்ப்பு முடிந்த பிறகு நடப்பதைச் சொல்கிறார். வழக்கு நாளும் அதற்கு மறுநாளும் ஒன்றா? (1959இல் சோவியத் யூனியன் ஐ.நா. சபைக்குக் கொடுத்த சிலை எசாயா சொன்னது. கொடுத்த அரசு நடந்தது யோவேல் வழியில்.)

என் கோபம் மத்தேயு 7இன் மேல், அதாவது அதைப் பயன்படுத்துகிறவர்கள் மேல். ஒரு பங்கில் திருவிழாக் கணக்குக் கேட்ட கிழவனை, என்னைத்தான், பிறரைத் தீர்ப்பிடக் கூடாதென்ற வசனத்தைக் காட்டி உட்கார வைத்தார்கள். நாலு வசனம் தள்ளி, உன் கண்ணிலுள்ள மரக்கட்டையை எடுத்தபின் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் எடுக்கலாம் என்றிருக்கிறதே! யோவான் 7இலோ, வெளித்தோற்றம் பார்க்காமல் நீதியாகத் தீர்ப்பிடச் சொல்கிறார். கிரேக்கத்தில் 'க்ரினோ' என்ற ஒரே வினைக்குப் பிரித்தறிவது, முடிவு செய்வது, தண்டனைத் தீர்ப்பளிப்பது எல்லாம் பொருள். எங்கள் பிரெஞ்சு வகுப்பில் 'ழுழே' வேறு, 'கொந்தாம்னே' வேறு. ரசீதைச் சரிபார்ப்பது யாரையும் நரகத்துக்கு அனுப்புவது ஆகாது.

"ஏன் ஐயா சமாதானத்தைக் கெடுக்கிறீர்கள்?" என்றும் கேட்டார்கள். எந்தச் சமாதானம்? நம்மூர் சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் அவர்கள் பெரிய சாமியாரிடம் முறையிட, நியாயம் என்று கண்டு அவர் அதை இடிக்கச் செய்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். சுவர் நின்றதுதான் சமாதானம் என்றால், அந்தச் சாமியார் கொண்டுவந்தது வாள்தான். எரேமியா 6இல் திட்டு வாங்குகிறவர்களும், புண்ணை மேலாகத் துடைத்துவிட்டு எல்லாம் நலம் என்றவர்களே.

கணக்கு இன்னும் வரவில்லை. அடுத்த பங்குக் கூட்டத்துக்கும் போவேன்.